12 நொடிப் பச்சை விளக்கு

"உங்கள் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டார்கள். ஊழல், வேலையின்மை, கல்வித் தரம் என்று மூன்றையும் அடுக்கினேன். கேட்டவர் பொறுமையாகத் தலையசைத்தார். "சரி, வேலையின்மையையே எடுத்துக்கொள்வோம். நாளைக் காலையில் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்?" இளைஞர்களுக்கு வாய்ப்புகளை உருவாக்க வேண்டும் என்றேன். எப்படி என்றார். அரசு முன்வர வேண்டும் என்றேன். அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டார். மீதிக் கேள்விகளை மற்ற இருவரும் மரியாதைக்காகக் கேட்கிறார்கள் என்பது எனக்கே புரிந்தது.

ஓர் இளைஞர் அரசியல் அமைப்பில் சேர நான் போன முதல் நேர்காணல் அது. ஒரு வாரத்தில் "இம்முறை இயலவில்லை" என்று பதில் வந்தது. ஓராண்டு கழித்து அதே அமைப்புக்கு மீண்டும் விண்ணப்பித்தேன்; சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு தேர்வுக் குழுவில் ஒருவராக இரண்டு முறை மேசையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்துவிட்டேன். நேர்காணலுக்கு எப்படித் தயாராவது என்று தம்பி, தங்கைகள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு சாலைச் சந்திப்பைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறேன். அரசியலைக் கேட்டால் சிக்னலைப் பற்றிப் பேசுகிறாரே என்று அவர்கள் முகம் கொஞ்சம் வாடும். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டவர்களுக்கு அது பயன்பட்டிருக்கிறது.

முதல் முறை நான் தயாராகாமல் போகவில்லை. மூன்று வாரம் விழுந்து விழுந்து படித்தேன். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். ஆனால் உலகெங்கும் உள்ள நாடாளுமன்ற உறுப்பினர்களில் 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 3 விழுக்காடுகூட இல்லை என்பதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நேர்காணலில் அதைச் சொல்லவும் சொன்னேன். "ஏன் அப்படி இருக்கிறது?" என்று உடனே கேட்டார்கள். எண்ணைத் தெரிந்துவைத்திருந்த எனக்குக் காரணம் தெரியவில்லை. பல நாடுகளில் வாக்களிக்க 18 வயது போதும், வேட்பாளராக நிற்க 25 வயதோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும் என்பதையும், தேர்தல் செலவைத் தாங்கும் வசதி இளம் வயதில் மிகச் சிலருக்கே இருக்கும் என்பதையும், கட்சிகளில் வேட்பாளர் வரிசை மூப்பின்படி நகர்வதையும் பிறகுதான் படித்தேன். ஓர் எண்ணைச் சொல்ல வாய் திறந்தால் அதன் காரணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த எண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

நிராகரிப்புக் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். நான் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கடைசியில், "இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்களே. நீ உன் கண்ணால் பார்த்தது என்ன?" என்றாள். அன்றிரவு அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் பார்த்தது நிறைய. ஆனால் அதில் எதையும் அரசியல் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தினமும் நான் பஸ் ஏறும் இடத்துக்கு முன்னால் ஒரு சிக்னல் இருக்கிறது. கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஒருவர் அங்கே அடிக்கடி சாலையைக் கடப்பார். பச்சை விழுந்ததும் அவர் நடக்கத் தொடங்குவார். முக்கால் தூரம் போவதற்குள் வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும். அப்போது அவர் இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை வண்டிகளுக்குக் காட்டியபடி, தலையைத் திருப்பாமல் நடப்பார். அந்தக் கையைப் பல மாதங்களாகப் பார்த்திருந்தேன். அது ஒரு கோரிக்கை என்பது அக்கா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது முதல் வண்டிகள் கிளம்புவது வரை 12 நொடி. ஒரு விடியற்காலையில், சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது, அளவு நாடாவால் அகலத்தை அளந்தேன். 14 மீட்டர். மனிதர் நடக்கும் வேகத்தை நொடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டுதான் பல நாடுகளில் சாலைப் பொறியாளர்கள் சிக்னல் நேரத்தைக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். 14ஐ 1.2ஆல் வகுத்தால் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆக, யாரும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. கணக்கு கச்சிதமாக இருந்தது. கைத்தடியோடு நடப்பவர் அந்தக் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். அவர் நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் நடந்தார். அவருக்கு 20 நொடி வேண்டும்.

இந்தக் கணக்கை எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரை மனத்தில் வைத்து ஒரு விதியை எழுதுகிறார்கள், யார் அதற்கு வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வியை நான் அதற்கு முன் கட்டுரைகளில் மட்டுமே படித்திருந்தேன். இப்போது அது 8 நொடி வித்தியாசமாக என் கையெழுத்தில் என் முன்னால் இருந்தது.

ஐந்து நாள், காலை எட்டு முதல் ஒன்பது வரை, அந்தச் சந்திப்பில் நின்று எண்ணினேன். முதியவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், கால் ஊனமுற்றவர்கள் என்று மெதுவாக நடந்த 64 பேரைக் குறித்தேன். அவர்களில் 41 பேர் வண்டிகள் கிளம்பியபோது இன்னும் சாலையில்தான் இருந்தார்கள். அடுத்து, இந்த நேரத்தை மாற்றும் பொறுப்பு யாருடையது என்று விசாரித்தேன். முதலில் போன அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே போனால், விளக்கு எரியாவிட்டால்தான் எங்களிடம் வர வேண்டும், நேரத்தை நிர்ணயிப்பது வேறு பிரிவு என்றார்கள். மூன்றாவது இடத்தில்தான் சரியான மேசையைக் கண்டுபிடித்தேன். இதற்கு மூன்று வாரம் ஆயிற்று. நேர்காணலுக்குத் தயாராகும் எவரும் இந்த மூன்று வாரத்தை மட்டும் மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம். "அரசு செய்ய வேண்டும்" என்று சொல்பவருக்கும் "இந்தப் பிரிவு, இந்த விதியின்கீழ் செய்யலாம்" என்று சொல்பவருக்கும் உள்ள தூரம் அந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது.

இடையில் படிப்பையும் விடவில்லை. படிக்கும் விதம் மாறியது. இளைஞர்கள் உண்மையில் எதைக் கேட்டு வென்றிருக்கிறார்கள் என்று தேடினேன். மலேசியாவில் வாக்களிக்கும் வயது 21ஆக இருந்தது. அதை 18ஆகக் குறைக்க வேண்டும் என்று மாணவர்கள் தொடங்கிய இயக்கம் சில ஆண்டுகள் விடாமல் உழைத்தது. 2019 ஜூலையில் அரசியலமைப்புத் திருத்தம் கீழவையில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே பக்கம் வாக்களித்தன. அத்தோடு முடியவில்லை. திருத்தம் நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் ஆயிற்று. நைஜீரியாவில் வேட்பாளராக நிற்பதற்கான வயதைக் குறைக்கக் கேட்டு ஓர் இயக்கம் நடந்தது. 2018 மே மாதம் கையெழுத்தான சட்டத்தின்படி குடியரசுத் தலைவர் பதவிக்கு 40 என்றிருந்த வயது 35 ஆயிற்று. பிரதிநிதிகள் அவைக்கு 30 என்றிருந்தது 25 ஆயிற்று. இந்த இரண்டு கதைகளிலும் என்னை உலுக்கியது ஒன்றுதான். இவ்வளவு பெரிய இயக்கங்கள் கேட்டது சட்டப் புத்தகத்தில் உள்ள ஒன்றிரண்டு எண்களை மாற்றச் சொல்லித்தான். 21ஐ 18 ஆக்குங்கள், 40ஐ 35 ஆக்குங்கள். என் 12ஐ 20 ஆக்குங்கள் என்பதும் அந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தபோது எனக்குக் கூச்சம் போய்விட்டது.

சேரப்போகும் அமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. இதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். அறிமுகப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்து "உங்கள் தொலைநோக்கு எனக்குப் பிடித்திருக்கிறது" என்கிறார்கள். அமைப்பு விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசி ஓராண்டில் என்னென்ன தீர்மானங்கள் நிறைவேறின, எவை தோற்றன, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தோற்ற தீர்மானங்கள் மிக முக்கியம். உள்ளே என்ன விவாதம் நடக்கிறது என்பதை அவைதான் காட்டும். வயது வரம்பையும் பார்த்துவிடுங்கள். இளைஞர் என்ற சொல்லுக்கு ஒரே அளவு கிடையாது. ஐக்கிய நாடுகள் அவை தன் புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வரை என்று வைத்திருக்கிறது; அதே அவையின் பாதுகாப்புக் குழு 2015இல் நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம் 18 முதல் 29 வரை என்கிறது; ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 35 வரை போகிறது.

கட்சியின் இளைஞர் அணியா, கட்சி சாராத இளைஞர் மன்றமா என்பதைப் பொறுத்துக் கேள்விகளின் திசையே மாறும். அணியில், "தலைமை எடுத்த முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் கட்டுப்படுவேன் என்பதும் வெளியேறிவிடுவேன் என்பதும் யோசிக்காமல் வரும் பதில்கள். எந்த அளவுவரை உள்ளே வாதாடுவீர்கள், எந்தக் கோட்டைத் தாண்டினால் உங்களால் இருக்க முடியாது என்பதை முன்கூட்டியே உங்களுக்கு நீங்களே தீர்மானித்திருக்க வேண்டும். கட்சி சாராத மன்றத்திலோ கேள்வி தலைகீழாக வரும்: "உங்களுக்குப் பிடிக்காத கருத்து உள்ளவர்களின் சார்பாகவும் பேசுவீர்களா?" நான் போனது இந்த இரண்டாம் வகைக்கு.

நாமும் அவர்களை நேர்காண்கிறோம் என்பதை அந்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டேன். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழேயுள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார் அவர்: பிறர் தம் நோக்கத்துக்கு இளையோரைப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்திவைப்பது, பெயருக்கு ஓரிருவரைச் சேர்த்துக்கொள்வது. அந்த ஏணியைப் பார்த்ததும் எனக்கு மேடைகள் பல நினைவுக்கு வந்தன. முன்வரிசையில் இளைஞர்கள் ஒரே நிறச் சட்டையில் நிற்பார்கள். ஒலிவாங்கி ஒரு முறைகூட அவர்கள் கைக்குப் போகாது. அதனால் நேர்காணலின் முடிவில் கேட்பதற்கு ஒரு கேள்வியை எழுதி வைத்தேன்: கடந்த ஆண்டு இந்த அமைப்பின் இளைய உறுப்பினர் ஒருவர் சொல்லி மாறிய முடிவு எது?

அக்கா எனக்குப் பயிற்சி கொடுத்தாள். சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாள். நான் சொல்லும் பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து எனக்கே போட்டுக் காட்டுவாள். என் பதில்கள் மூன்று நிமிடம் நீண்டன. கேட்கவே முடியவில்லை. "ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் கையை உயர்த்துவேன்" என்றாள். உயர்த்தவும் செய்தாள். அந்தப் பெரியவரின் கையைப் போலவே உள்ளங்கை தெரிய. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இருவருமே ஒன்றும் பேசவில்லை.

அவள் கேட்டதில் என்னைத் திணறடித்த கேள்வி, "எதிலாவது உன் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாயா?" என்பது. யோசித்துப் பார்த்தேன். 16 வயதில் வாக்குரிமை என்பதை நான் எதிர்த்துவந்தேன். அந்த வயதில் பக்குவம் இருக்காது என்பது என் வாதம். ஆஸ்திரியா 2007இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது. அதன் பிறகு வியன்னாவில் நடந்த தேர்தல்களை ஆராய்ந்தவர்கள், 16, 17 வயதினர் 18 முதல் 20 வயதினரைவிடக் கூடுதலாக வாக்குச்சாவடிக்குப் போயிருப்பதைக் கண்டார்கள். 16 வயதில் பெரும்பாலும் பெற்றோர் வீட்டில், பள்ளியின் சூழலில் இருக்கிறார்கள். 18ஐத் தாண்டியதும் படிப்பு, வேலை என்று இடம் பெயர்ந்துவிடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பக்குவத்தைப் பற்றிய என் வாதத்துக்கு இது முழுப் பதில் ஆகாதுதான். ஆனால் முதல் வாக்கு எந்த வயதில் விழுகிறதோ அது பழக்கத்தை உண்டாக்குகிறதே என்ற பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. என் எதிர்ப்பு அங்கே தளர்ந்தது. எதற்காக மாறினேன், இன்னும் எங்கே தயக்கம் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன்.

இரண்டாம் நேர்காணல் நாளில் கையில் ஒரே ஒரு தாளைக் கொண்டுபோனேன். அதே கேள்வி வந்தது: முதலில் எதை மாற்றுவீர்கள்? சிக்னலைச் சொன்னேன். 14 மீட்டர், 12 நொடி, 64 பேரில் 41 பேர். மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். நடுவில் இருந்தவர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம், தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் கேட்கும் 8 நொடியை யாரிடமிருந்து எடுப்பீர்கள்?"

வண்டிகளிடமிருந்து என்றேன்.

"வண்டிகள் என்றால் கார்களா? அந்தச் சாலையில் பஸ்கள் போகின்றன அல்லவா? காலை எட்டு மணி பஸ்ஸில் எத்தனை பேர் நின்றுகொண்டு போகிறார்கள்? அதில் மருத்துவமனைக்குப் போகிறவர் இல்லையா? வேலைக்குத் தாமதமானால் கூலி பிடிக்கப்படுகிறவர் இல்லையா?"

எனக்கு வியர்த்தது. ஓராண்டாக நான் நடைபாதையில் நின்று பார்த்த சாலை அது. தினமும் பஸ் ஏறியும், பஸ்ஸில் போகிறவரின் கண்ணால் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "பஸ்ஸில் இருப்பவர்களை நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்" என்றேன். பிறகு, யோசித்தபடியே, "எல்லாச் சுற்றிலும் 8 நொடி கூட்டத் தேவையில்லாமல் இருக்கலாம். மெதுவாக நடப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தச் சுற்றுக்கு மட்டும் நேரம் கூடும்படி சில ஊர்களில் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பஸ்களுக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு இப்போது என்னிடம் இல்லை" என்றேன். அவர் எழுதத் தொடங்கினார். பேனா நிற்கவில்லை.

என் கேள்வியையும் கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறுப்பினர் சந்தாவை உயர்த்தும் தீர்மானத்தை அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த 17 வயது உறுப்பினர் எதிர்த்ததையும், வருமானமில்லாத மாணவர்களுக்கு விலக்கு சேர்த்த பிறகே அது நிறைவேறியதையும் ஒருவர் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

தேர்வுக் குழுவில் உட்காரும்போது நான் கவனிப்பவை சில. விண்ணப்பத்தில் எழுதியதையே திரும்ப ஒப்பிப்பவரைவிட, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்பவர் என்னை ஈர்க்கிறார். மேடைக் குரலில் பேசுபவர்களிடம் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கேள்வியை மாற்றி, சாதாரணமாகப் பேசவைக்கப் பார்க்கிறேன். நல்ல பிள்ளைகள் பலர் அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார்கள். மற்ற கட்சியினரையெல்லாம் முட்டாள்கள் என்பவரிடம், அவர்களுடைய வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி ஒரு முறை சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். முடிந்தவர்கள் குறைவு. பதற்றத்தை நான் குறையாக எடுத்துக்கொள்வதே இல்லை. கை நடுங்கியபடி தன் பள்ளிக் கழிப்பறையில் கதவுத் தாழ்ப்பாள் இல்லாததைச் சொன்ன மாணவியை ஒரே மனதாகச் சேர்த்துக்கொண்டோம். எத்தனை கதவுகள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரிடம் எப்போது மனு கொடுத்தாள் என்று தேதியோடு சொன்னாள்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், நேர்காணலில் நடுவில் உட்கார்ந்து என்னை மடக்கியவர் தொலைபேசியில் அழைத்தார். "சனிக்கிழமை காலை அந்தச் சிக்னலுக்கு வருகிறேன். நீங்கள் நடப்பவர்களை எண்ணுங்கள், நான் பஸ்ஸை எண்ணுகிறேன்" என்றார். எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். சாலையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எட்டே காலுக்குப் பெரியவர் கைத்தடியோடு வந்தார். பச்சை விழுந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன். எதிரே நின்றவர் நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னல்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். பெரியவரின் கை உயர்ந்தபோது அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதினார்.

ஒன்பது மணிக்குத் தாள்களை ஒப்பிட்டோம். சனிக்கிழமைக் கூட்டம் வேலை நாள் கூட்டம் ஆகாது என்று அவர் சொன்னார். திங்கட்கிழமை மறுபடியும் வருவதாக முடிவு செய்தோம்.